ஒரு வயர் செருகினேன், வீடே பாடியது

கல்ஃபுக்குப் போய்த் திரும்பியவர் இருக்கிற வீடு என்றால் எங்கள் பக்கத்தில் முன்னறையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஷோகேஸில் ஒரு ஸ்டீரியோ செட் இருக்கும். அதன்மேல் பூத்தையல் போட்ட துணி, துணிக்குமேல் கல்யாணப் போட்டோ. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். ஒன்றின்மேல் பிளாஸ்டிக் பூச்சாடி, இன்னொன்றின்மேல் டெலிபோன் இருந்த தடம். செட் பாடி வருஷக்கணக்காகியிருக்கும். கேசட் போயிற்று, சிடியும் போயிற்று. பாட்டெல்லாம் மொபைலுக்குள்ளும் கம்ப்யூட்டருக்குள்ளும் குடிபோய்விட்டது. செட் மட்டும் துணிக்கடியில் தூங்குகிறது.

அதை எழுப்பலாம். எங்கள் வீட்டில் எழுப்பிவிட்டேன். மூன்று மாதமாக இந்த வீட்டில் நடப்பதை யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், இஞ்சிவிளைப் பக்கம். கேரளத்தின் கடைசி வீடுகளில் ஒன்று. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தைக்குப் போனால் இரண்டும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் எங்கள் வீட்டு ரேடியோவில் திருவனந்தபுரமும் வந்தது, திருநெல்வேலியும் வந்தது, ராத்திரியானால் இலங்கையும் வந்தது. அப்படியே கேட்டு வளர்ந்த வீடு இது. சித்தப்பாவின் கேசட் பெட்டியைத் திறந்தால் ஒரு வரிசை இளையராஜா, ஒரு வரிசை யேசுதாஸின் தரங்கிணி வெளியிட்ட ஓணப்பாட்டுகள், ஓரத்தில் கர்நாடக சங்கீதம், அடியில் ஞானப்பாட்டு.

செட் சித்தப்பாவுடையது. 1988-இல் ரியாத்திலிருந்து கொண்டுவந்தார். சான்சுயி ஆம்ப்ளிஃபையர், கேசட் டெக், தேக்கு நிறத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. அது வந்து இறங்கிய நாளில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் முற்றத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். சித்தப்பா இப்போது இல்லை. சித்திதான் செட்டை வாரம் ஒருமுறை துடைத்து, துணியைத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் பாட்டுக் கேட்டதெல்லாம் லேப்டாப்பிலேயே. அதன் வயிற்றுக்கடியில் இருக்கிற, பொத்தான் அளவுள்ள இரண்டு ஸ்பீக்கர்களில். அதில் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கேட்கவே கேட்காது. அந்தச் சிறிய தகடு அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. எட்டங்குல ஸ்பீக்கர் இரண்டு மூலையில் சும்மா நிற்க, நான் வருஷக்கணக்காகப் பொத்தானில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியிடம் கேட்டு, செட்டை இறக்கினேன். உடனே கரண்ட் கொடுக்காதீர்கள், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். சவூதியில் அந்தக் காலத்தில் 127 வோல்ட்டும் உண்டு, 220-ம் உண்டு. அங்கே விற்ற ஜப்பான் செட்டுகளில் பின்பக்கம் ஒரு சிறிய வோல்டேஜ் திருகு இருக்கும். அது 220-இலோ 240-இலோ நிற்கிறதா என்று பார்த்தபிறகே பிளக்கைத் தொட வேண்டும். எங்களுடையது 220-இல் நின்றது. ஹெட்ஃபோன் துளையை ஒரு குளவி மண் வைத்து அடைத்திருந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே காய்ந்த பல்லி முட்டை இரண்டு. பெயிண்ட் பிரஷ் வைத்து தூசியை எல்லாம் தட்டினேன். ஸ்பீக்கரின் முன்துணியை எடுத்தபோதுதான் நெஞ்சு பதறியது. கோனைச் சுற்றி இருக்கிற ஸ்பாஞ்சு வளையம் தொட்ட இடமெல்லாம் கரிப்பொடியாக உதிர்ந்தது.

நாகர்கோவிலில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் இரண்டையும் சுமந்துகொண்டு போனேன். விரலால் கோனை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"கோனுக்கு ஒண்ணும் ஆவல்ல மக்களே. காயிலும் உரசல்ல. ரிங்குதான் பொடிஞ்சு போச்சு. நம்ம ஊரு ஈரத்துக்கு இது பத்திருவது வருசத்துக்குமேல தாங்காது. மாத்திரலாம்."

ஒரு வாரத்தில் மாற்றிக் கொடுத்தார். ஆம்ப்ளிஃபையரின் வால்யூம் திருகில் ஸ்பிரே அடித்து, பத்துத் தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொன்னார். கரகரப்பு அத்தோடு போயிற்று. இந்தக் கைப்பழக்கம் உள்ள அண்ணாச்சிமார் இன்னும் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியிலும் இருக்கிறார்கள் என்பது நமக்குப் பெரிய பாக்கியம். அவர்கள் இருக்கும்போதே செட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும்.

இனி வயர். ஒரு முனையில் ஹெட்ஃபோன் பின், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ பின். டிவி, டிஷ் சாமான் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையில் ஒரு முனை, ஆம்ப்ளிஃபையரின் பின்னால் 'ஆக்ஸ்' என்றோ 'சிடி' என்றோ 'டேப்' என்றோ எழுதிய ஜோடித் துளையில் மறுமுனை. வேலை இவ்வளவுதான். பக்கத்திலேயே 'ஃபோனோ' என்று ஒரு ஜோடி இருக்கும், அதில் மட்டும் செருகக் கூடாது. அது இசைத்தட்டு முள்ளிலிருந்து வருகிற மிக மெல்லிய சிக்னலுக்கானது. இசைத்தட்டில் அடி ஒலியைக் குறைத்தும் உச்ச ஒலியைக் கூட்டியும் வெட்டியிருப்பார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்கிற சர்க்யூட் அந்தத் துளைக்குப் பின்னால் இருக்கிறது. கம்ப்யூட்டரை அங்கே கொடுத்தால் பாட்டு உடைந்து, பானைக்குள் உருட்டுகிற மாதிரி வரும்.

செருகினேன். பாட்டு வந்தது! ஆனால் பாட்டுக்கு அடியில் ஓர் உறுமலும் வந்தது, பக்கத்துக் காம்பவுண்டில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற மாதிரி. பலரும் இந்த இடத்தில்தான் மனசு வெறுத்து வயரைப் பிடுங்கிவிட்டுப் போகிறார்கள். போகாதீர்கள்! இதற்கு மருந்து இருக்கிறது.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பார்த்தேன். உறுமல் அந்த நொடியே நின்றது. அப்படியென்றால் கோளாறு வயரில் இல்லை, செட்டிலும் இல்லை, எர்த்தில். மூன்று பின் சார்ஜர் வழியாக லேப்டாப்புக்கு ஒரு எர்த், ஆம்ப்ளிஃபையரில் நான் கூடவே மாட்டியிருந்த டிவியின் டிஷ் பெட்டி வழியாக இன்னொரு எர்த். இரண்டுக்கும் நடுவில் நம் வயர் ஒரு வளையத்தை உண்டாக்கிவிடுகிறது. வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அதில் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. காதில் விழுவது அந்த ஓட்டம்தான். சிலர் சார்ஜரின் மூன்றாவது பின்னை உடைத்துவிடச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அந்தப் பின் உயிரைக் காப்பாற்ற வைத்தது. செட், லேப்டாப், டிஷ் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கொண்டுவந்தேன். உறுமல் பாதிக்குமேல் அடங்கிற்று. மீதிக்கு 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று கட்டைவிரல் அளவில் ஒரு சாமான் உண்டு. உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். பாட்டை விட்டு எர்த்தைத் தடுத்துவிடும். அதை நடுவில் போட்டபிறகு நடுராத்திரியில் வால்யூமைக் கூட்டி ஸ்பீக்கரோடு காதை வைத்தாலும் ஒரு சத்தமில்லை. கரண்ட் போய் பழைய வகை இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் சிறு உறுமல் திரும்பி வரும். அது இன்வெர்ட்டரின் முரட்டு அலையால் வருவது. கரண்ட் வந்ததும் போய்விடும்.

அடுத்ததாகச் செய்ததுதான் என்னைப் பைத்தியமாக்கிற்று. ஒரு டாக் வாங்கினேன். விரல் நீளம்கூட இல்லை, யுஎஸ்பியில் செருகுவது, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். கம்ப்யூட்டருக்குள் பாட்டு எண்களாகத்தான் கிடக்கிறது. சிடியில் பதிவான பாட்டென்றால் ஒரு நொடிக்கு 44,100 அளவுகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என்று இரண்டு. இந்த எண்களைத் திரும்ப மின் அலையாக மாற்றுகிற வேலையைச் செய்வதுதான் டாக். லேப்டாப்புக்குள்ளும் ஒன்று இருக்கிறது. ஆனால் அது ஃபேனுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் வைஃபைக்கும் நடுவில், சந்தை இரைச்சலில் உட்கார்ந்து சங்கீதம் பாடுகிற மாதிரி இருக்கிறது. மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் 'ஸ்ஸ்' என்று எறும்பு ஊர்வதைப் பலர் கேட்டிருப்பீர்கள். அந்த வேலையைப் பெட்டிக்கு வெளியே, தனியாக ஒரு சாமானிடம் கொடுத்துவிட்டால் எறும்பு போய்விடுகிறது. ஒலி துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது.

இரண்டு மூன்று செட்டிங் மட்டும் மறக்காமல் செய்யுங்கள். கம்ப்யூட்டரின் வால்யூமை முழுக்கவோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ வைத்துவிட்டு, கூட்டுவது குறைப்பதெல்லாம் ஆம்ப்ளிஃபையர் திருகில் செய்ய வேண்டும். கம்ப்யூட்டரில் குறைத்து செட்டில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும். விண்டோஸின் சவுண்ட் செட்டிங்கில் 'என்ஹான்ஸ்மென்ட்' என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். அது பொத்தான் ஸ்பீக்கருக்குப் போட்ட மேக்கப், சித்தப்பாவின் செட்டுக்குத் தேவையில்லை. அங்கேயே சாம்பிள் ரேட்டை 44,100 என்று வைத்தால் சிடியில் பதிவானது இடையில் மாற்றம் இல்லாமல் போகும். பாட்டுப் போட நான் வைத்திருப்பது ஃபூபார்2000, காசில்லை, அலங்காரமும் இல்லை.

புளூடூத் போதாதா என்று என் மைத்துனன் கேட்டான். வசதிதான். ஆனால் புளூடூத் பாட்டைச் சுருக்கித்தான் காற்றில் அனுப்புகிறது. சுருக்கினதைக் கேட்கவா இவ்வளவு பாடு? வயர்தான்.

சுருக்கம் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். சிடியில் இருக்கிற பாட்டுக்கு நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட். பத்து வருஷமாக நான் பென்டிரைவில் சுமந்த எம்பி3-க்கு 128. பதினொன்றில் ஒரு பங்கு! மீதிப் பத்துப் பங்கில் காது கவனிக்காது என்று கணக்குப் போட்டு எறிந்தவை எல்லாம் இருக்கின்றன. பொத்தான் ஸ்பீக்கரில் அந்தக் கணக்குச் சரிதான். நல்ல செட்டில் சரியில்லை. தம்புராவின் நாதம் சலசலவென்று தண்ணீர் தெளித்த மாதிரி ஆகிவிடும். ஆகவே வீட்டில் கிடந்த சிடிகளை எல்லாம் ஃபிளாக் வடிவத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். 2001-இல் வந்த வடிவம் அது. எடுத்துக்கொள்ளும் இடம் பாதிக்குக் கொஞ்சம் கூடுதல், ஆனால் ஒரு எண்ணைக்கூடத் தொலைக்காது.

ஸ்பீக்கர் வைக்கிற இடத்துக்கும் ஒரு வார்த்தை, இதற்குக் காசே வேண்டாம். ஷோகேஸுக்குள் அடைத்து வைத்தால் மரம் முழுக்க அதிர்ந்து ஒலி குழம்பும். இறக்கினேன். முற்றத்தில் கிடந்த வெட்டுக்கல் இரண்டை அடியில் போட்டு, கல்லுக்கும் பெட்டிக்கும் நடுவில் ரப்பர் ஷீட்டைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்தேன். ரப்பர் நாங்களே எடுக்கிறது, புகைவாசம் ஒரு வாரம் அறையில் நின்றது. சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால். இரண்டு பெட்டிக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் எதிரே என் நாற்காலி. உயர் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர் காது மட்டத்துக்கு வந்தது. எங்களுடையது ஓட்டு வீடு. கான்கிரீட் அறையில் வருகிற எதிரொலி இங்கே வரவில்லை. ஓடும் மரச்சட்டமும் அதிகப்படி ஒலியை வாங்கிக்கொள்கின்றன என்றே நினைக்கிறேன். நல்ல ஒலிக்கு ஏற்ற அறையில் இத்தனை நாள் பிறந்து வளர்ந்து வாழ்ந்திருக்கிறேன்!

இனி என்ன கேட்டேன் என்று சொல்ல வேண்டாமா?

முதலில் 'ப்ரியா', 1978. தமிழ்த் திரைப்பாடல்களில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படம் என்று சொல்வார்கள். சின்ன வயதில் டூ-இன்-ஒன் ரேடியோவில் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டுப் பழகிய பாட்டுகள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்தால் யேசுதாஸ் இரண்டு பெட்டிக்கும் நடுவில், பெட்டியே இல்லாத இடத்தில் நிற்கிறார்! வாத்தியங்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கண்ணை மூடினால் விரலால் சுட்டிக் காட்டலாம். அடுத்து 'பயணங்கள் முடிவதில்லை', 1982. நிலாவைப் பற்றின அந்தப் பாட்டின் தொடக்கக் கிட்டார். நரம்பில் விரல் நகருகிற உரசல் கேட்டது. ஆயிரம் தடவை கேட்ட பாட்டு, அந்த விரலை அன்றைக்குத்தான் கேட்டேன். கீழே பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகிறது. இளையராஜா பாட்டில் பேஸ் தாளத்துக்குக் கீழே கிடக்கிற சாமான் இல்லை, அது இன்னொரு பாடகர். அதைத் தெரிந்துகொள்ள எட்டங்குல கோன் வேண்டியிருந்தது. 'ஹௌ டு நேம் இட்', 1986, முழுவதையும் ஒரே இருப்பில் கேட்டேன். வயலின்கள் வில் மாற்றுகிற இடத்தில் என் கையில் மயிர் சிலிர்த்து நின்றது.

ஆனால் அந்த வாரத்தின் பெரிய ராத்திரி அதுவல்ல.

பாறசாலை பி. பொன்னம்மாளின் கச்சேரிப் பதிவு ஒன்று என்னிடம் இருந்தது. 1924-இல் இந்த மண்ணில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் இன்று சுவாதித் திருநாள் பெயரில் இருக்கிற இசைக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி. ஆண்கள் மட்டுமே பாடிவந்த நவராத்திரி மண்டபத்தில் 2006-இல் பாடிய முதல் பெண். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. 2017-இல் பத்மஸ்ரீ, 2021-இல் மறைவு. பஸ்ஸில் 'பாறசாலை' என்று போர்டு பார்த்தாலே எனக்கு அவர் நினைவு வரும். அதே போல நெய்யாற்றின்கரை என்றால் வாசுதேவன், 'சுவாதித் திருநாள்' படத்தில் பாடியவர், 2004-இல் பத்மஸ்ரீ பெற்றவர். இரண்டு பெரிய குரல்கள், இரண்டும் சைக்கிள் மிதித்துப் போகிற தூரத்தில் பிறந்தவை.

ராத்திரி ஒன்பது மணி. விளக்கை அணைத்துவிட்டுப் போட்டேன். தம்புரா முதலில் வந்தது. நான்கு தந்தியும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் எழுந்து அடுத்ததற்குள் கரைவது வரை தெளிவாக. அதற்கு மேல் குரல். அவசரமே இல்லாத குரல். ஒரு சங்கதியிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் அவர் மூச்சை உள்ளே வாங்குவது கேட்டது. ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். வயதான ஒரு தாய் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து மூச்சு வாங்குகிற மாதிரி. மிருதங்கத்தின் தொப்பி நெஞ்சுக்கூட்டில் வந்து மெல்லத் தட்டிற்று.

சமையல்கட்டில் இருந்து சித்தி வந்தார். கையில் மரச்சீனி உரிக்கிற கத்தி. வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

"மக்களே, இது நம்ம பழைய செட்டாவா பாடுது?"

"ஆமா சித்தி. கம்ப்யூட்டர்ல இருந்து செட்டுக்கு வயர் குடுத்திருக்கேன்."

"ஆருடே பாடுதது?"

"நம்ம பாறசாலை பொன்னம்மாள் சித்தி."

சித்தி கத்தியை ஜன்னல் படியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும், "அவிய இந்த ரூமுல இருந்தாப்புல இருந்து" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒங்க சித்தப்பாவுக்க கேசட்டுல ஒரு பாட்டுண்டு, அதும் இதுல வருமா?" என்று கேட்டார்.

வந்தது. கேசட் டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு எதிர்த்திசையில் வயர் கொடுத்து, சித்தப்பாவின் கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நாற்பது முடிந்தது. அறுபதுக்குமேல் பாக்கி. ஒரு கேசட்டின் கடைசியில் அவர் குரலே இருந்தது, ரியாத்திலிருந்து வீட்டுக்குப் பேசி அனுப்பியது. சாயங்காலம் விளக்கேற்றியபிறகு சித்தி அதைக் கேட்கிறார். ஸ்பீக்கருக்கு நடுவில், சித்தப்பா வழக்கமாக நாற்காலி போட்டுவந்த இடத்திலிருந்து, அவர் பேசுகிறார்.

உங்கள் வீட்டிலும் செட் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை துணியை எடுத்துவிடுங்கள். வோல்டேஜ் திருகைப் பாருங்கள், ஸ்பாஞ்சு ரிங்கைத் தொட்டுப் பாருங்கள், ஒரு வயரும் ஒரு டாக்கும் வாங்குங்கள். துலா மாசத்து இடி தொடங்கினால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், மின்னலுக்கு ஒரு செட்டைக்கூடக் கொடுக்கக் கூடாது. முதல் பாட்டு எது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் கேட்டுப் போடுங்கள்.